நாகா மலைக்குப் போன எழுத்து

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதியர் ஆவோ நாகாக்களிடையே பள்ளி நடத்தினர், அச்சகம் வைத்தனர், அகராதி தொகுத்தனர். 1911-ல் அவர்கள் விடைபெற்றுப் போய்விட்டார்கள். அவர்கள் கொடுத்தது என்ன, அவர்களால் போனது என்ன என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

நாகாலாந்தின் ஆவோ இனத்தாரிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது. ஒரு காலத்தில் அவர்களுக்கும் எழுத்து இருந்ததாம். விலங்கின் தோல் ஒன்றில் எழுதி, எல்லோரும் பார்த்துப் படிக்கும்படி சுவரில் தொங்கவிட்டிருந்தார்களாம். ஒருநாள் நாய் ஒன்று அந்தத் தோலை இழுத்துப்போட்டுத் தின்றுவிட்டது. அன்று போன எழுத்து போனதுதான். அதன் பிறகு யார் யாருக்கு உறவு, எந்த நிலம் யாருடையது, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் வாய் சொல்லக் காது கேட்டு மனதில் நிற்க வேண்டியதாயிற்று.

நாய் தின்ற எழுத்து 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திரும்பி வந்தது, ரோமன் வடிவத்தில். கொண்டுவந்தவர்கள் எட்வர்ட் விண்டர் கிளார்க் என்ற பாப்டிஸ்ட் பாதிரியாரும் அவர் மனைவி மேரி மீட் கிளார்க்கும். இருவருமே நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர்கள். எட்வர்ட் பிறந்தது 1830-ல், மேரி 1832-ல். இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இருவருக்கும் வயது முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. புது இடம், புது மொழி என்று தொடங்குவதற்கு அந்தக் காலத்தில் அது இளமையான வயதல்ல.

நாகா மலைக்கென்று யாரும் அவர்களை அனுப்பவில்லை. 1869-ல் அவர்கள் வந்து சேர்ந்தது அஸ்ஸாமின் சிப்சாகருக்கு. அஹோம் மன்னர்களின் பெரிய குளமும் சிவன் கோயிலும் உள்ள அந்த ஊரில் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் அச்சகம் ஒன்று இருந்தது. அஸ்ஸாமிய மொழியின் முதல் பத்திரிகையான 'அருணோதய்' 1846 முதல் வெளிவந்தது அங்கிருந்துதான். அஸ்ஸாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்க மொழியைப் புகுத்தியிருந்த ஆங்கிலேய அரசு, 1873-ல் அஸ்ஸாமிய மொழிக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பின்னால் அந்த அச்சகத்தின் நெடுநாள் உழைப்பும் இருந்தது. கிளார்க்கின் வேலை அதைப் பார்த்துக்கொள்வது.

ஆனால் சிப்சாகரிலிருந்து தெற்கே பார்த்தால் மலைகள் தெரியும். அங்கிருந்து பண்டமாற்றுக்காக இறங்கி வரும் நாகாக்களும் கண்ணில் படுவார்கள். தேயிலைத் தோட்டங்கள் வரைதான் ஆங்கிலேயர் ஆட்சி. அதற்கு மேலே ஒவ்வொரு கிராமமும் ஒரு தனி அரசு. வேலி கட்டி, காவல் வைத்து, பகை ஊரின் தலைகளை வெட்டிக்கொண்டு வருவதை வீரமாகக் கொண்டாடிய கிராமங்கள். கிளார்க் தம்பதியருக்கு முன்பே மைல்ஸ் பிரான்சன் என்ற மிஷனரி 1839-ல் நாம்சாங் என்ற நாகா கிராமத்தில் குடும்பத்தோடு குடியேறிப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி நோயில் இறந்தார். அவருக்கும் உடல்நலம் கெட்டது. முயற்சி கைவிடப்பட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் அந்தப் பக்கம் யாரும் அதிகம் போகவில்லை.

மலையின் கதவை முதலில் தட்டியவர் அமெரிக்கர் அல்ல, ஓர் அஸ்ஸாமியர். கோதுலா என்ற அந்தக் கிறிஸ்தவ ஆசிரியர், சிப்சாகருக்கு வந்த ஆவோ ஒருவரிடம் மொழியைக் கற்றுக்கொண்டு 1871-ல் மொலுங்கிமோங் கிராமத்துக்குப் போனார். கம்பெனியின் ஒற்றன் என்று சந்தேகித்த ஊரார் அவரை ஒரு சிறு குடிசையில் அடைத்துக் காவல் போட்டனர். உள்ளே உட்கார்ந்து அவர் அஸ்ஸாமிய மொழியில் பக்திப் பாடல்களைப் பாடினார். பாட்டுக் கேட்க முதலில் சிலர் வந்தார்கள், பிறகு பலர். காவல் தளர்ந்தது.

1872 நவம்பரில் கோதுலாவுடன் ஒன்பது ஆவோ ஆண்கள் சிப்சாகருக்கு இறங்கி வந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த மாதமே கிளார்க் மலையேறினார். ஆயுதம் தரித்த கிராமத்து வீரர்கள் வழித்துணையாக வந்தார்கள். டிசம்பர் 18-ம் தேதி மொலுங்கிமோங்கை அடைந்த அவர், அடுத்த சில நாட்களில் மேலும் பதினைந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இருபத்து நான்கு பேர் கொண்ட அந்தச் சபைதான் இன்றைய நாகாலாந்தின் பாப்டிஸ்ட் சபைகளுக்கெல்லாம் தாய். கோதுலாவும் அவர் மனைவி லூசியும் ஊழியத்தைத் தொடர்ந்தார்கள். அயல்நாடு என்றால் கடல் தாண்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமவெளியில் பிறந்த ஓர் அஸ்ஸாமியத் தம்பதியருக்கு அந்த மலை அமெரிக்காவைவிட அருகில் இருந்தாலும் அயல்நாடுதான். வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மட்டும் மிகச் சிறியது.

மலையில் நிரந்தரமாகத் தங்க கிளார்க்குக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1873-ல் ஆங்கிலேய அரசு 'இன்னர் லைன்' என்ற எல்லைக்கோட்டை வகுத்தது. அனுமதியின்றி யாரும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஏற்படும் விளைவுகளுக்கு அரசு பொறுப்பல்ல. 1876 மார்ச்சில் கிளார்க் தன் சொந்தப் பொறுப்பில் அதைத் தாண்டிப் போனார். அப்போது அவருக்கு வயது 46. துணைக்குச் சிப்பாய் இல்லை. மேரியும் உடன் இல்லை.

வரவேற்பு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குள் குடியேறினால் பின்னால் பட்டாளமும் வரும் என்று பெரியவர்கள் பலர் அஞ்சினார்கள். புதிய மதத்தைத் தழுவியவர்கள் தலைவேட்டைக்கும் ஊர்ச் சடங்குகளுக்கும் வர மறுப்பது இன்னொரு தகராறு. ஊர் ஒன்றாகப் போருக்குப் போவதும் ஒன்றாகப் பலி கொடுப்பதும்தான் ஊரின் பலம் என்று நம்பிய சமூகத்தில், வரமாட்டேன் என்று ஒருவன் சொல்வது அவன் தனி விஷயமல்ல. ஊரையே காட்டிக்கொடுப்பது. அந்த ஆண்டு அக்டோபரில் கிராமம் பிளந்தது. கிளார்க்கோடு சில குடும்பங்கள் வெளியேறி வேறொரு மேட்டில் புதிய ஊரை அமைத்தன. மொலுங்யிம்சென் என்ற அதன் பெயரின் பிற்பகுதிக்குப் புது ஊர் என்று பொருள். பழைய ஊர்களின் தயவின்றி, எதிரிகள் நடுவே ஒரு புதுக் கிராமத்தைத் தொடங்குவது அந்த நாளில் உயிரைப் பணயம் வைப்பதுதான். பணயம் வைத்தவர்கள் பெரும்பாலும் நாகாக்கள்.

1878-ல் மேரி வந்து சேர்ந்தார். அந்த ஆண்டே அவர் மொலுங்யிம்செனில் தொடங்கிய பெண்கள் பள்ளிதான் நாகா மலையின் நவீனக் கல்விக்கு ஆரம்பம் என்று கருதப்படுகிறது. அஸ்ஸாமின் சமவெளியிலேயே பெண்கள் படிப்பது அபூர்வமாக இருந்த காலம். மலையிலோ, காட்டை வெட்டி எரித்து விதைக்கும் ஜூம் சாகுபடியில் களையெடுப்பும் அறுவடையும் தண்ணீர் சுமப்பதும் பெண்கள் தலையில். பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் வயலில் குறைகிற இரண்டு கைகள். அதற்கு ஈடாகக் கிடைக்கும் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியாது. படிப்பதற்குப் புத்தகமே இல்லையே.

புத்தகம் செய்வது தம்பதியரின் அடுத்த வேலை. தமிழகத்துக்கு வந்த பாதிரிமார்களின் நிலைமை வேறு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி ஏற்கெனவே இருந்த எழுத்தைத்தான் கற்றார். தேடிப் போனால் ஏடுகள் கிடைத்தன, இலக்கணமும் கிடைத்தது. மொலுங்யிம்செனில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக்கூடக் காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆவோ சுருதி மொழி வேறு. ஒரே ஒலிகளை மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதிகளில் உச்சரித்தால் பொருள் மாறிவிடும். ஐரோப்பிய மொழிகளில் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடாது. கிளார்க் தம்பதியரின் வழி வந்த ரோமன் எழுத்து முறையில் சுருதிக்குக் குறியீடு கிடையாது. இன்றும் ஆவோ வாசகர்கள் இடத்தைப் பார்த்துத்தான் பொருளை முடிவு செய்கிறார்கள். பழகியவர்களுக்கு அது சிரமமில்லை. புதிதாகக் கற்பவர்களுக்குத் திண்டாட்டம்.

ஒலியை எழுதுவதைவிடக் கடினம், கடவுளை எழுதுவது. கிறிஸ்தவக் கடவுளுக்கு ஆவோ மொழியில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? ஹீப்ரு பெயரை அப்படியே கொண்டுவரலாம். அது ஊராரின் நாவில் நிற்காது. அவர்கள் வழங்கிய 'ட்ஸுங்ரெம்' என்ற சொல் பாறை, மரம், நீரூற்று என்று இடத்துக்கு இடம் உறையும் தெய்வங்களைக் குறித்த பொதுப் பெயர். கிளார்க் அதையே எடுத்துக்கொண்டார். பலவாக இருந்த ட்ஸுங்ரெம் ஒருவரானார். பழைய சமயத்தை ஒதுக்கிவைக்க வந்தவர்கள் அதன் மையச் சொல்லையே புதிய சமயத்தின் மையத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஆவோ பைபிளில் இன்றும் கடவுளுக்கு அதுதான் பெயர். ஆகஸ்டில் கொண்டாடப்படும் ஆவோக்களின் பாரம்பரிய அறுவடை விழாவின் பெயர் ட்ஸுங்ரெம்மோங். ஒரே சொல் இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறது.

பாலபாடம், பாட்டுப் புத்தகம், மத்தேயு, யோவான் சுவிசேஷங்கள் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. மேரி எழுதிய ஆவோ இலக்கணத்தை 1893-ல் ஷில்லாங்கில் அரசு அச்சகமே அச்சிட்டது. 1907-ல் வெளிவந்த அவருடைய 'எ கார்னர் இன் இந்தியா' அந்த வாழ்க்கையின் நேரடிப் பதிவு. அதில் அன்பும் இருக்கிறது, மலைவாசிகளைக் 'காட்டுமிராண்டிகள்' என்று குறிப்பிடும் அந்தக் காலத்து அமெரிக்கப் பார்வையும் இருக்கிறது. எட்வர்டின் ஆவோ-ஆங்கில அகராதி 1911-ல் கல்கத்தாவில் அச்சானது. அப்போது அவருக்கு 81 வயது. அந்த ஆண்டுதான் இருவரும் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்கள்.

எழுத்து வந்ததும் ஒரு புதிய மேல், கீழும் வந்தது. ஆவோ என்பது ஒரே பேச்சல்ல. சுங்லி, மோங்சென், சாங்கி என்று பேச்சு வழக்குகள் உண்டு. ஒரு வழக்கைப் பேசுபவருக்கு மற்றது சுலபத்தில் புரிவதில்லை. கிளார்க் தங்கிய ஊரில் பேசியது சுங்லி. அதனால் புத்தகத்தில் ஏறியது சுங்லி. சபையிலும் பள்ளியிலும் அதுவே எழுத்து மொழியாயிற்று. வீட்டில் மோங்சென் பேசும் குழந்தை பள்ளியில் சுங்லி படிக்கிறது. ஒரு பாதிரியார் எந்த மேட்டில் குடிசை போட்டார் என்பது, நூற்றாண்டு கழித்து ஒரு குழந்தை எந்த மொழியில் பரீட்சை எழுதுகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டது.

இதற்கிடையே ஊர்ப் பெரியவர்கள் எதற்கு அஞ்சினார்களோ அது நடந்தது. 1889-ல் ஆவோ பகுதி ஆங்கிலேய ஆட்சிக்குள் வந்தது. தலைவேட்டைக்கு அரசு தடை போட்டது. பாதிரியார் பட்டாளத்தை அழைத்து வந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டாளம் வந்த பிறகு பாதிரியாரின் வேலை சுலபமானதை மறுக்கவும் முடியாது. சண்டை ஓய்ந்து ஊர்விட்டு ஊர் போகும் வழிகள் திறந்தன. 1894-ல் மிஷன் மொலுங்யிம்செனிலிருந்து ஆவோ பகுதியின் நடுவே உள்ள இம்பூருக்கு மாறியது. அங்கே உருவான பயிற்சிப் பள்ளியில் படித்த நாகா இளைஞர்கள் ஆசிரியர்களாகவும் ஊழியர்களாகவும் மற்ற கிராமங்களுக்குப் போனார்கள்.

கறாரும் கூடியது. அரிசியைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும் 'மது' ஆவோக்களுக்குப் பானம் மட்டுமல்ல, உணவும்கூட. ஆரம்ப ஆண்டுகளில் கிளார்க் இதில் கொஞ்சம் விட்டுப்பிடித்தார். 1890களில் வந்த இளைய மிஷனரிகள் விடவில்லை. குடிப்பவருக்குச் சபையில் இடமில்லை என்றார்கள். 'அர்ஜு' என்ற இளைஞர் கூடம் இன்னொரு பலி. ஆண்பிள்ளைகள் சேர்ந்து உறங்கி, கதையும் பாட்டும் காவல் முறையும் மூத்தவர்களிடம் கற்ற இடம் அது. நாகாக்களின் பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். பள்ளிக்கூடம் வந்தது, அர்ஜு ஓய்ந்தது. மிதுன் மாடு வெட்டி ஊருக்கே சோறு போட்டு மதிப்புத் தேடிக்கொள்ளும் பெருவிருந்துகளும் நின்றன. வசதியுள்ளவன் வீட்டு நெல் ஊருக்குப் பங்காகப் போய்ச் சேர்ந்த ஒரு வழி அடைபட்டது.

இதை முதலில் கடுமையாக எழுதியவர் இந்திய விமர்சகர் அல்ல. மொகோக்சுங்கில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்த ஜே.பி. மில்ஸ், 1926-ல் வெளியிட்ட 'தி ஆவோ நாகாஸ்' நூலில் பாப்டிஸ்ட் மிஷனைக் குற்றக்கூண்டில் நிறுத்தினார். ஒரு சமூகத்தின் சந்தோஷங்களையும் கட்டுக்கோப்பையும் தேவையின்றிக் குலைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். எதிர்வாதமும் வலுவானதே. தலைவேட்டைக்குப் பயந்து வேலிக்குள் வாழ்ந்த காலம் யாருக்கும் பொற்காலமல்ல. தவிர, நாகாக்கள் யாரும் கட்டாயத்தில் மதம் மாறவில்லை. 1872-க்குப் பிறகு பல ஆண்டுகள் சபைகள் மிக மெதுவாகத்தான் வளர்ந்தன. மில்ஸுக்கும் ஒரு கேள்வி உண்டு. கலாச்சாரத்தைக் காக்க வேண்டும் என்று சொன்ன அந்த அரசுதானே வரி போட்டு, தண்டனை கொடுத்து, அந்தக் கிராமங்களின் சுதந்திரத்தை முடித்து வைத்தது?

மக்கள்தொகைக் கணக்கு இந்த வழக்கில் சுவையான சாட்சி. 1951-ல் நாகா மலை மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 46 சதவிகிதம். 1950களின் நடுவில் அமெரிக்க மிஷனரிகள் அங்கிருந்து வெளியேறினார்கள். 1991-ல் நாகாலாந்தில் கிறிஸ்தவர்கள் 87 சதவிகிதத்தைத் தாண்டினார்கள். அதாவது, பெரிய மாற்றத்தில் பாதி வெள்ளைக்காரப் பாதிரிகள் போன பிறகு நடந்தது. செய்தவர்கள் நாகா போதகர்களும் ஆசிரியர்களும். இன்று நாகாலாந்து சபைகளே வெளிநாடுகளுக்கு ஊழியர்களை அனுப்புகின்றன. மாநிலத்தில் 1989-ல் வந்த மதுவிலக்குச் சட்டத்துக்குப் பின்னால் நின்றதும் உள்ளூர்ச் சபைகள்தான், எந்த அமெரிக்கரும் அல்ல.

எழுத்தின் பலனும் கண்கூடு. 2011 கணக்கெடுப்பின்படி நாகாலாந்தில் எழுத்தறிவு 79.55 சதவிகிதம். ஆவோக்களின் மொகோக்சுங் மாவட்டத்தில் 91.62. மாநிலத்திலேயே அதிகம். இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களைக் கொண்ட இந்த இனத்திலிருந்து 1963-ல் நாகாலாந்தின் முதல் முதலமைச்சரான பி. ஷிலு ஆவோ வந்தார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, தேசியக் கொடியை ஏந்திச் சென்ற டாக்டர் தாலிமெரன் ஆவோவும் இந்த மண்ணின் பிள்ளை. அவர் தந்தை இம்பூர் சபையின் போதகர். கிளார்க் முதன்முதலாக மலையேறியபோது இந்தியா என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து அந்த மலையின் மகன் ஒருவர் அதன் கொடியைப் பிடித்தார்.

எட்வர்ட் கிளார்க் 1913-ல் அமெரிக்காவில் காலமானார். மேரி மேலும் பதினோரு ஆண்டுகள் தனியாக வாழ்ந்து 1924-ல் மறைந்தார். இந்தியாவில் கழிந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளோடு ஒப்பிட்டால் சொந்த ஊர்தான் கடைசியில் அவர்களுக்கு அயலூர். மாமனிதர்கள் என்று அவர்களைக் கொண்டாடும் ஊர்களும் உண்டு. நம் பாட்டையும் கதையையும் மறக்கவைத்தவர்கள் என்று நொந்துகொள்ளும் படித்த நாகா இளைஞர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒரு காலத்தில் தலை எடுத்தவனோ மிதுன் பலி கொடுத்தவனோ மட்டுமே போர்த்தலாம் என்றிருந்த 'ட்ஸுங்கோதெப்சு' சால்வையை இன்று சபைக்குப் போகிறவர்களும் விழா மேடைகளில் பெருமையோடு போர்த்துகிறார்கள்.

மறக்கவைத்ததைத் திரும்ப எழுதிவைக்கும் வேலையையும் எழுத்தேதான் செய்ய வேண்டியிருக்கிறது. ஆவோ எழுத்தாளர் தெம்சுலா ஆவோ, ஊர் ஊராகப் பெரியவர்களிடம் கேட்டறிந்த மரபுகளைத் தொகுத்து 1999-ல் 'தி ஆவோ-நாகா ஓரல் ட்ரெடிஷன்' என்ற நூலாக்கினார். பத்மஸ்ரீயும் சாகித்ய அகாதமி விருதும் பெற்ற அவர் 2022-ல் மறைந்தார். மொலுங்கிமோங்கில் சபை தோன்றி 150 ஆண்டுகள் நிறைந்ததும் அதே ஆண்டில்தான். மேரியின் பள்ளியில் முதல் எழுத்தைக் கற்ற பெண்களுக்குத் தங்கள் பரம்பரையில் ஒருத்தி இப்படி ஒரு புத்தகம் எழுதுவாள் என்று தோன்றியிருக்காது. மேரிக்கும் தோன்றியிருக்காது. தோலை நாய் தின்ற கதை இன்று அச்சில் இருக்கிறது. அதை இனி எந்த நாயும் தின்ன முடியாது.